அலைவாய்க் கரையில் ஒரு கோட்டை

டில்லியில் கோல் மார்க்கெட்டைச் சுற்றியமைந்த அரசாங்கக் குடியிருப்புகளில் தமிழ்க் குடும்பங்கள் பல தலைமுறைகளாக வாழ்ந்து வந்திருக்கின்றன. ‘கோல்’ என்ற பெயரைக் கேட்டதும், ஊரிலிருந்து புதிதாக வந்த குழந்தை, “செங்கோலா, எழுதுகோலா?” என்று வினவினால் நாம் வியப்படைய வேண்டியதில்லை. இந்தி மொழியில் அது வட்டத்தைக் குறிக்கும் சொல் என்று விளக்குவோம். 1921இல் எழுந்த அந்தச் சந்தைக் கட்டடம் உண்மையில் வட்டமுமன்று. பன்னிரண்டு பக்கங்களை உடையது. அங்கிருந்து ஐந்தாறு கிலோமீட்டர் சென்றால் ஷாஜஹானாபாத் என்னும் மதில் சூழ்ந்த பழைய நகரத்தையும் அதன் கீழ்ப்புறத்தில் செங்கோட்டையையும் காணலாம். உறவினர் வந்தால் நாம் முதலில் அழைத்துச் செல்லும் இடம் அதுவே.

செங்கோட்டை 1639இல் தொடங்கி 1648இல் நிறைவெய்தியது. அக்காலத்தில் யமுனை அதன் கிழக்கு மதிலை ஒட்டி ஓடியது. அரண்மனை மாடங்கள் ஆற்றை நோக்கியே அமைந்துள்ளன. பின்னர் ஆறு கிழக்கே ஒதுங்கிற்று. அது விட்டுச்சென்ற நிலத்தில் இன்று பெருஞ்சாலை செல்கின்றது. ஆனால், 2023ஆம் ஆண்டு ஜூலை 13ஆம் நாள் யமுனையின் நீர்மட்டம் 208.66 மீட்டரை எட்டியபோது, வெள்ளம் அச்சாலையை மூழ்கடித்துக் கோட்டை மதிலைத் தொட்டு நின்றது. பழைய ஓவியங்களில் மட்டுமே கண்டிருந்த காட்சியைத் தலைநகர் மக்கள் அன்று நேரில் கண்டனர்.

நீர் விலகிச் சென்ற கோட்டை இது. நீர் நெருங்கி வந்துகொண்டிருக்கும் கோட்டையொன்று நம் தமிழகத்தில் உண்டு. விடுமுறையில் தஞ்சைப் பக்கம் செல்லும் டில்லித் தமிழர் பலர், திருக்கடையூரில் அபிராமியை வணங்கிய கையோடு காரைக்காலுக்கோ நாகூருக்கோ போய்விடுகின்றனர். இடையே, கடலோரத்தில் அமைந்துள்ள தரங்கம்பாடியில் இறங்குவதில்லை. அவ்வூரையும் அங்குள்ள டான்ஸ்போர்க் கோட்டையையும் பற்றியே நாம் இன்று பேசப் புகுகின்றோம்.

முதலில் ஊர்ப்பெயர். ‘தரங்கம்’ என்றால் அலை. ‘பாடி’ என்றால் குடியிருப்பு. ‘அலைகள் பாடும் ஊர்’ என்று விளம்பரப் பலகைகளில் எழுதுகின்றனர். கேட்க இனிமையாகத்தான் இருக்கின்றது. ஆனால் பாடி வேறு, பாட்டு வேறு. ஊரின் பழம்பெயர் சடங்கன்பாடி என்று இங்குள்ள மாசிலாமணிநாதர் கோயிற் கல்வெட்டிலிருந்து அறிகின்றோம். அக்கோயில் மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில், 1306ஆம் ஆண்டையொட்டி எழுந்தது. டேனியர் இக்கரைக்கு வருவதற்கு முந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே இது குடியும் கோயிலும் உடைய ஊராக விளங்கிற்று என்பதை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

டென்மார்க் நாட்டார் இங்கு வந்த கதை விநோதமானது. அவர்கள் புறப்பட்டது இலங்கைக்கு. கண்டி அரசரின் தூதர் என்று தம்மைக் கூறிக்கொண்ட ஒருவர் டேனிய அரசர் நான்காம் கிறிஸ்தியனிடம் சென்று, போர்ச்சுகீசியருக்கு எதிராக உதவி வேண்டினார். அதனை நம்பி, ஓவே யெத்தே என்ற இளம் பிரபுவின் தலைமையில் 1618இன் இறுதியில் கோபன்ஹேகனிலிருந்து கப்பல்கள் புறப்பட்டன. வழியில் நோய்க்கு இரையானோர் பலர். 1620ஆம் ஆண்டு மே மாதம் இலங்கையை அடைந்தபோது, கண்டி அரசர் போர்ச்சுகீசியரோடு ஏற்கெனவே உடன்படிக்கை செய்துகொண்டிருந்தார். தூதராக வந்தவரோ நடுக்கடலிலேயே மாண்டு போயிருந்தார். வெறுங்கையுடன் திரும்பவேண்டிய நிலை.

அவர்களைக் காப்பாற்றியது மற்றொரு விபத்து. முன்னோடியாக வந்த கப்பலொன்று காரைக்காலுக்கு அருகே போர்ச்சுகீசியரால் தாக்கப்பட்டு அழிந்தது. அதிலிருந்து தப்பிக் கரையேறிய ரோலண்ட் கிராப்பே என்பவர் தஞ்சை இரகுநாத நாயக்கரின் அவையை அடைந்தார். ஐரோப்பாவில் தமக்கு நேரடியான வணிகத் தொடர்பு வேண்டும் என்று நாயக்கரும் விரும்பினார் போலும். 1620 நவம்பரில் உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. தரங்கம்பாடியில் கோட்டை கட்டவும் மிளகு வாணிகம் செய்யவும் டேனியர் உரிமை பெற்றனர். அதற்கு ஈடாக ஆண்டுதோறும் திறை செலுத்த இசைந்தனர். நாயக்கர் டேனிய அரசருக்குப் பொன்னோலையில் தமிழில் எழுதி அனுப்பிய மடல் இன்றும் கோபன்ஹேகன் நகரத்து ஆவணக் காப்பகத்தில் உள்ளது. பொன்னை உருக்கிவிடாமல் நானூறு ஆண்டுகள் வைத்திருந்தனரே என்று அவர்களைப் பாராட்டத்தான் வேண்டும்.

கோட்டையின் அமைப்பைச் சற்று விளக்குவோம். நாற்புறமும் மதிலும், மூலைகளில் முன்தள்ளிய கொத்தளங்களும், உள்ளே அகன்ற முற்றமும் உடையது இது. முற்றத்தின் கிழக்கே, கடலுக்கு முதுகு காட்டியவாறு இரண்டு அடுக்குக் கட்டடம் நிற்கின்றது. மற்றப் பக்கங்களில் மதிலையொட்டி வீரர் தங்கும் அறைகளும் சமையற்கூடமும் கிடங்குகளும் வரிசையாக உள்ளன. செங்கல்லும் சுண்ணாம்புச் சாந்துமே கட்டுமானப் பொருள்கள். கீழடுக்கு முழுதும் வளைவு வளைவான கூரையுடைய இருண்ட அறைகள்: மிளகும் துணிமூட்டைகளும் வெடிமருந்தும், வேண்டியபோது கைதிகளும் இங்கே அடைக்கப்பட்டனர். மேலடுக்கில் ஆளுநரும் பாதிரியாரும் வாழ்ந்தனர். வழிபாட்டுக் கூடமும் அங்கேயே இருந்தது. ஒட்டகத்தின் திமில் போன்ற நான்கு கவிமாடங்களின் பாரத்தை நடுவிலுள்ள ஒரே தூண் தாங்கி நிற்கும் கூடத்தை அங்கே காணலாம். குழந்தைகளுக்கு அத்தூணைக் காட்ட மறக்கலாகாது.

டென்மார்க்கில் கடலோரமாக ஹெல்சிங்கோர் என்ற ஊரில் குரோன்போர்க் என்னும் பெருங்கோட்டை உண்டு. ஷேக்ஸ்பியர் தம் ஹாம்லெட் நாடகத்துக்குக் களமாகக் கொண்டது அதுவே. ஆனால் அக்கோட்டையின் உண்மையான தொழில் வேறு: குறுகிய நீரிணையில் செல்லும் கப்பல்களிடம் சுங்கம் வாங்குவது. தரங்கம்பாடிக் கோட்டையையும் அந்தக் கண்கொண்டே நோக்கவேண்டும். இது பேரரசு ஒன்றைப் பிடிப்பதற்காக எழுந்த பாசறையன்று. பண்டம் ஏற்றும்வரை அதனைப் பூட்டிவைத்துக் காவல் புரிவதற்குரிய பண்டகசாலை. பீரங்கிகள் அதற்குப் பூட்டும் தாழ்ப்பாளும் ஆயின.

பூட்டியது சரி, ஆனால் உரிமையாளரே பூட்டை மறந்துவிட்டால்? அதுதான் நடந்தது. ஐரோப்பாவில் போர்களில் சிக்கிய டென்மார்க், தன் கீழ்த்திசை வாணிகத்தைக் கைவிட்டது. 1650இல் வணிகக் கழகமே கலைக்கப்பட்டது. ஏறத்தாழ முப்பது ஆண்டுகள், 1669 வரை, தாய்நாட்டிலிருந்து ஒரு கப்பலும் தரங்கம்பாடிக்கு வரவில்லை. இருந்த டேனியர் ஒவ்வொருவராக மறைந்தனர். 1655 முதல் கோட்டையின் தலைமையை ஏற்ற எஸ்கில் ஆண்டர்சன் கோங்ஸ்பாக்கே என்ற சாதாரண மனிதர், கடைசியில் அங்கு எஞ்சிய ஒரே டேனியரானார்.

கொடி இறங்கவில்லை. அதனை ஏற்றி வைத்திருந்தவர்களுள் பெரும்பாலோர் இந்நாட்டு மக்களும் போர்ச்சுகீசியக் கலப்பினத்தாருமே. திறை நின்றதால் சினங்கொண்ட தஞ்சைப் படை முற்றுகையிட்டது. வங்கக் கடலில் சென்ற பிறர் கப்பல்களைக் கைப்பற்றிக் கிடைத்த பொருளைக்கொண்டு கோங்ஸ்பாக்கே நகரைச் சுற்றி மதில் எழுப்பினார். வெளிப்படச் சொன்னால் கடற்கொள்ளைப் பணம். தரங்கம்பாடி மதில் சூழ்ந்த நகரமானது இவ்வாறே. 1669இல் வந்த டேனியக் கப்பலின் தலைவர் அடேலர், கரையில் தம் நாட்டுக் கொடியைக் கண்டு வியந்திருப்பார். கோட்டைச் சுவரில் ஆளுநர் பலர் பெயர் எழுதியிருந்தாலும், நம் மனத்தில் நிற்பவர் இந்தக் கோங்ஸ்பாக்கேயும் அவருடன் இருந்த பெயர் தெரியாத காவலருமே.

அந்த மதிலின் வழியாகவே இன்றும் ஊருக்குள் நுழைகின்றோம். மேற்குப் பக்கத்தில் வெண்ணிறமான நகரவாயில் உள்ளது. முதலில் 1660களில் எழுந்து, 1792இல் புதுப்பித்துக் கட்டப்பட்டது. டேனிய அரசரின் முத்திரையை அதில் காணலாம். அதனைத் தாண்டினால், கடலை நோக்கி நேராகச் செல்லும் இராஜ வீதி. 1733இல் டிரெல்லுண்டு என்ற டேனியர் வரைந்த நகரப்படத்தைக் கையில் வைத்துக்கொண்டு இன்றும் இத்தெருக்களில் வழிதவறாமல் நடக்கலாம். அமைப்பு அவ்வளவு மாறவில்லை. வீதியின் இருபுறமும் 1701இல் எழுந்த சீயோன் ஆலயமும், 1718இல் எழுந்த புதிய எருசலேம் ஆலயமும் உள்ளன. வீதி முடியுமிடத்தில் திறந்த மைதானம். அதன் ஒருபுறம் ஆளுநர் மாளிகை, எதிரே கோட்டை, அப்பால் கடல்.

எருசலேம் ஆலயத்துள் அடக்கம் செய்யப்பெற்றவர் பார்த்தலோமேயு சீகன்பால்கு. தமிழ் படித்தவர் எவரும் அப்பெயரைக் கடந்து செல்ல முடியாது. 1706 ஜூலை 9ஆம் நாள், தம் நண்பர் புளூட்சோவுடன் இங்கு வந்திறங்கிய ஜெர்மானியர் அவர். திண்ணைப் பள்ளிச் சிறுவர்களோடு மணலில் அமர்ந்து, விரலால் அகரம் எழுதிப் பழகினார். இரண்டே ஆண்டுகளில், தாம் சேகரித்துப் படித்த நூற்றுக்கு மேற்பட்ட தமிழ் நூல்களுக்கு விளக்கப் பட்டியல் ஒன்று எழுதினார். கொன்றைவேந்தன், உலகநீதி, நீதிவெண்பா ஆகியவற்றை ஜெர்மன் மொழியில் பெயர்த்தார்.

அவருக்கும் கோட்டைத் தலைவர் ஹாசியஸ் என்பவருக்கும் ஒத்துப்போகவில்லை. சமயப் பணி வாணிகத்துக்கு இடையூறு என்பது தலைவரின் கருத்து. ஏழைக் கைம்பெண் ஒருத்தியின் கடன் வழக்கில் சீகன்பால்கு பரிந்து பேசியதும் பகை முற்றிற்று. 1708 நவம்பரில் அவர் சிறைப்பட்டார். நான்கு மாதங்களுக்கு மேலாக இக்கோட்டையிலேயே அடைபட்டுக் கிடந்தார். கீழடுக்கின் அறைகளுக்குள் நுழையும்போது சற்று நின்று பாருங்கள். சாளரம் சிறிது, காற்று குறைவு. அலையோசை மட்டும் இடைவிடாது கேட்கும். தமிழகத்து வெப்பத்துக்குப் பழகாத ஒருவர், எழுதுவதற்கும் தடை விதிக்கப்பட்ட நிலையில், அங்கே நான்கு மாதம் இருப்பதென்றால் எத்தகைய துன்பம் என்பதை எண்ணிப் பார்க்கலாம்.

விடுதலைக்குப் பின் அவர் முனைந்தது அச்சுக்கூடம் அமைப்பதில். லண்டனிலிருந்து அச்சுப்பொறி வந்தது. ஜெர்மனியிலுள்ள ஹாலே நகரில் வார்க்கப்பட்ட தமிழ் எழுத்துக்கள் 1713இல் வந்து சேர்ந்தன. அவை மிகப் பெரியனவாக இருந்தமையால், சிறிய எழுத்துக்களைத் தரங்கம்பாடியிலேயே வார்த்தனர். 1715இல் புதிய ஏற்பாடு முழுதும் தமிழில் அச்சாகி முடிந்தது. தமிழில் அச்சேறிய முதல் நூல் இதுவே என்று சிலர் கூறுவது பிழை. 1578இலேயே கொல்லத்தில் ‘தம்பிரான் வணக்கம்’ அச்சாயிற்று. ஆயினும் அந்த முயற்சி தொடராமல் நின்றுவிட்டது. தரங்கம்பாடியில் தொடங்கியதோ நிற்கவில்லை. சீகன்பால்கு 1719இல், முப்பத்தேழாம் வயது நிறைவதற்குள் மறைந்தார்.

இனி, கோட்டை வீழ்ந்த கதையைச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம். ஏனெனில் அது போரினால் வீழவில்லை. ஐரோப்பிய அரசியலின் எதிரொலியாக ஆங்கிலேயர் 1801இலும் 1808இலும் இதனைக் கைக்கொண்டு மீண்டும் ஒப்படைத்தனர். 1845இல் டேனியர் தரங்கம்பாடியையும் வங்கத்துச் சீராம்பூரையும் சேர்த்துப் பன்னிரண்டரை இலட்சம் ரூபாய்க்கு ஆங்கிலக் கம்பெனிக்கு விற்றுவிட்டனர். அதன்பின் சில காலம், 1860 வரை, தஞ்சை மாவட்டத்தின் தலைமை அலுவலகம் இங்கு இருந்தது. அது தஞ்சைக்கு மாறியது. நாகப்பட்டினத்துக்கு இருப்புப்பாதை வந்தது. தரங்கம்பாடியின் துறைமுகம் ஓய்ந்தது. 1926இல் மாயவரத்திலிருந்து ஒரு கிளைப் பாதை வந்தது. 1986இல் அதுவும் நின்றது. கோட்டை நெடுங்காலம் பிரயாணிகள் தங்கும் விடுதியாக இருந்து, 1978இல் தமிழகத் தொல்பொருள் ஆய்வுத் துறையின் பொறுப்புக்கு வந்தது. இப்போது அங்கே ஓர் அருங்காட்சியகம் உள்ளது.

ஆகவே, பீரங்கிகளுக்கு அருகே நின்று நிழற்படம் எடுத்துக்கொள்வதோடு நம் பார்வை முடிந்துவிடக் கூடாது. எந்தப் பகைவரும் இக்கோட்டையைத் தகர்க்கவில்லை. நானூறு ஆண்டுகளாக ஓயாமல் போர் தொடுத்து வருவது கடல் ஒன்றே. அதன் வெற்றியைக் காணவேண்டுமானால், கோட்டையிலிருந்து வெளியே வந்து வடக்கே சிறிது தூரம் கரையோரமாக நடக்கவேண்டும். மாசிலாமணிநாதர் கோயில் அங்கே நிற்கின்றது. கோயிலின் முன்பகுதியைக் கடல் கொண்டுவிட்டது. எஞ்சிய பகுதியைப் புதுப்பித்து, முன்னால் பாறைகளைக் குவித்துக் காத்து வருகின்றனர். நகர மதிலின் கடலோரப் பகுதியும் அவ்வாறே மறைந்தது. மேற்கேயுள்ள வாயில் நிலைத்திருப்பது அது கடலுக்கு எதிர்ப்புறத்தில் இருப்பதனாலேதான்.

கடல் எவ்வாறு கரையை உண்கிறது? சோழமண்டலக் கரையில் அலைகள் கரைக்கு நேராக வருவதில்லை. சாய்வாக வந்து மோதுகின்றன. அதனால் மணல் கரையோரமாகவே நகர்ந்துகொண்டிருக்கும். ஆண்டின் பெரும்பகுதியில் தெற்கிலிருந்து வடக்காகவும், வடகிழக்குப் பருவக்காற்றின் மாதங்களில் வடக்கிலிருந்து தெற்காகவும் அது செல்லும். போகும் மணலுக்கு ஈடாக வேறு மணல் வந்து சேரும் வரையில் கரை நிலையாக நிற்கும். வரவு குறைந்தால் நிலம் கரையும். ஆறுகளின் குறுக்கே அணைகள் எழும்போது அவை கொணரும் வண்டல் குறைகின்றது. கடலுக்குள் நீட்டிக் கட்டப்படும் கல்லணைகள் ஒரு பக்கத்தில் மணலைத் தடுத்து நிறுத்தி மறுபக்கத்தைப் பட்டினி போடுகின்றன. ஓரிடத்தில் கல் அடுக்கிக் காத்தால், அடுத்த கிராமத்தின் கரை அரிக்கப்படுவதும் உண்டு. கோட்டைக்கு அரண் கட்டுவோர் பக்கத்துக் குப்பத்தையும் சேர்த்தே கணக்கிட வேண்டும் என்பது நம் கருத்து.

ஏனெனில், 2004 டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை எழுந்தபோது பெரும் இழப்புக்கு ஆளானது கோட்டையன்று. அதன் அருகிலுள்ள மீனவர் குடியிருப்பே. நூற்றுக்கணக்கானோர் ஒரே காலைப்பொழுதில் மாண்டனர். தடித்த செங்கற்சுவர் தாங்கியது. கடற்கரைக் குடிசை தாங்கவில்லை. அதன்பின் புதிய வீடுகள் கடலிலிருந்து விலகி எழுந்தன. கோட்டையைக் காண வருவோர் அக்குடியிருப்பின் வழியே நடக்க நேர்ந்தால், வலை காய்வதைப் படம் பிடிக்குமுன் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது முறை. சுவரில் கைவைத்து, கோட்டை எத்தனை உயரத்துக்கு நீர் வந்தது என்று கேட்டால், காட்டக்கூடியவர்கள் அங்கே இன்னும் இருக்கின்றனர்.

செல்லும் வழி எளிது. டில்லியிலிருந்து சென்னை சென்று, அங்கிருந்து இரயிலில் மயிலாடுதுறையை அடையவேண்டும். அப்பால் சாலை வழியாக ஏறத்தாழ 30 கிலோமீட்டர். கோடைவிடுமுறையில் செல்வோர் காலை இளவெயிலிலேயே நகரவாயிலில் இறங்கி, இராஜ வீதி வழியே கிழக்கு நோக்கி நடப்பது நலம். வண்டியில் கோட்டை வாசலிலேயே இறங்கினால் மதில் சூழ்ந்த நகரம் என்ற எண்ணமே நமக்கு உண்டாகாது. ஐப்பசி, கார்த்திகையில் சென்றால் மழையும் சீறும் கடலும் இருக்கும். அலை எவ்வளவு தூரம் ஏறி வருகின்றது என்பதை அப்போதுதான் அறியமுடியும். மாலையில் கோட்டையின் கதவை அடைத்துவிடுவர். ஆதலால் அருங்காட்சியகத்தை முதலில் பார்த்துவிட்டு, கோயிலையும் கரையையும் பின்னர் வைத்துக்கொள்ளலாம், அவற்றுக்குக் கதவில்லை.